சட்டைக் கழுத்தில் வைத்த மஞ்சள்

விஜயலெட்சுமிக்கு வாய் இல்லை என்று தோட்டத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஹாலிஎலையிலிருந்து மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிற ரோட்டு முடியும் இடத்தில்தான் அந்தத் தேயிலைத் தோட்டம். அங்கே பிள்ளைக் காம்பராவில் அவள் ஆயா. காலையில் கொழுந்துக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போனால், அவர்கள் திரும்பி வருகிறவரை அவள் வாய் மூடாது. தொட்டிலை ஆட்டிக்கொண்டே மழையைப் பற்றிப் பேசுவாள், கோழியைப் பற்றிப் பேசுவாள், துரையின் புது வாகனத்துக்குப் பூசணிக்காய் உடைத்த கதையைப் பேசுவாள். பேச்சு வராத பிள்ளைகூட அவளிடம் ஒரு மாதம் இருந்தால் வாயாடியாகிவிடும் என்று தாய்மார் சிரிப்பார்கள்.

ஆனால் கட்டாயம் சொல்லியே ஆக வேண்டிய வார்த்தை என்று ஒன்று இருக்குமே, அது மட்டும் அவள் தொண்டையில் வந்து குந்திக்கொள்ளும். நாத்தனார் ரெங்கம்மா, தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்து லயத்தில் இருக்கிறாள். ஒரு கல்யாணச் சமையலுக்கு என்று இவளுடைய பெரிய அலுமினியப் பானையை வாங்கிக்கொண்டு போனாள். கல்யாணம் முடிந்து, அந்தத் தம்பதிக்குப் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. பானை இன்னும் வரவில்லை. ரெங்கம்மா வீட்டு அடுப்பில் தன்னுடைய பானையிலேயே தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு, "தேத்தண்ணி நல்லா இருக்கு மதினி" என்று சொல்லிவிட்டு வருகிறவள் இவள். போனது பானை மட்டும் என்றால் சிரித்துவிட்டு இருந்துவிடலாம்.

புருஷன் கிருஷ்ணராஜ் நிழல் மரத்தில் கொப்பு வெட்டப் போன இடத்தில், வெட்டின கொப்பு அவன் மேலேயே விழுந்தது. அவனைச் சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தபோது, போட்டிருந்த வெள்ளைப் பெனியன் கழுத்திலிருந்து நெஞ்சுவரை சிவப்பாக நனைந்திருந்தது. மகன் புவனேந்திரன் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவன் வந்து சேருவதற்குள் அந்தப் பெனியனைக் கழற்றி மறைத்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அந்தச் சாவுக்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில், பழக்கதோஷத்தில் அவள் ஆலாத்தித் தட்டைக் கையில் எடுத்தாள். ரெங்கம்மா வந்து, நோகாமல்தான், "நீ குடு விஜி, நான் எடுக்கிறேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து யாரும் தடுக்காமலே அவள் நல்ல காரியங்களில் சமையல் பக்கம் போய் நின்றுகொள்வாள். வெங்காயம் உரிக்கிற கைக்கு ராசி பார்க்க யாரும் வரமாட்டார்கள்.

மகனை வளர்த்தாள். சாதாரண தரம் படிக்க வைத்தாள். அவன் கொழும்பில் ஒரு மின்சாமான் கடைக்கு வேலைக்குப் போனான். வாரத்துக்கு ஒருமுறை போன் எடுப்பான், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். கொரோனா வந்து கொழும்பில் கடைகள் பூட்டினபோது ஊருக்கு வந்து பல மாதம் தங்கினான். அந்த மாதங்களில்தான் பதுளை டவுனில் நஸீர் நானாவின் ஃபேன்சிக் கடையில் நிற்கிற லக்ஷிகாவைப் பழக்கமாக்கிக்கொண்டான். மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. தகப்பன் பிலிப்பு, தாய் றோசாலி, வேதக்காரர்கள்.

மகன் விஷயத்தைச் சொன்னபோது விஜயலெட்சுமிக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பான சந்தோஷம்கூட வந்தது. இருந்தும், "நல்லது தம்பி, கூட்டிக்கிட்டு வா" என்ற நாலு சொல் வெளியே வரவில்லை. "மழை வரப்போகுது, விறக எடுத்து உள்ள போடு" என்றுதான் சொன்னாள். ரெங்கம்மாவுக்கு மதுஷா என்று ஒரு மகள் இருந்தாள். முறைப்பெண். வாய்விட்டுக் கேட்கவில்லையே தவிர, ரெங்கம்மா அந்தக் கணக்கில்தான் இருந்தாள் என்பது லயத்துக்கே தெரியும். நாத்தனாரின் முகத்தை நினைத்துத்தான் இவள் விறகைப் பற்றிப் பேசினாள்.

கடைகள் திறந்து மகன் கொழும்புக்குத் திரும்பிப் போனான். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு லக்ஷிகா தனியாக லயத்துக்கு வந்தாள். கையில் ஒரு பை. பையில் புத்தம்புது வெள்ளை டீசேர்ட், நீலச் சாயப் பொட்டலம், சலவைச் சோடா.

"அத்தை, தீபாவளிக்கு அவரு வாறப்போ குடுக்கலாம்னு ஒரு சட்டைக்குச் சாயம் போடப் போறேன். நெஞ்சில இதயம் மாதிரி வரும். போன்ல பாத்து வச்சிருக்கேன். உங்களோட சேந்து செய்யலாமான்னு வந்தேன்."

சாயம் போடுவதற்கு மலையைச் சுற்றிக்கொண்டு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. பிலிப்பு வீட்டிலும் வாளி இருக்கிறது. பிள்ளை எதற்கு வந்திருக்கிறாள் என்பது விஜயலெட்சுமிக்கு விளங்கியது. வாயைத் திறந்து வரவேற்கத் தெரியாத மாமியாரிடம் வேலையைச் சாக்கு வைத்து வந்து உட்காருகிற கெட்டிக்காரி. "அத்தை" என்று கூப்பிட்டதில் வேறு இவளுக்கு நெஞ்சு இளகிப்போயிருந்தது.

லக்ஷிகா வாளியை எடுத்துக்கொண்டு மலைத் தண்ணீர் கொட்டுகிற பீலிக்குப் போனாள்.

சட்டை மேசையில் இருந்தது. புதுத்துணி. புதுத்துணி வாங்கினால் மஞ்சள் வைக்காமல் உடுத்தக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டிலும் வழக்கம், வந்த வீட்டிலும் வழக்கம். புவனேந்திரன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒவ்வொரு தீபாவளிச் சட்டைக்கும் அவள்தான் வைத்தாள். கிருஷ்ணராஜ் போன பிறகு அதையும் ரெங்கம்மாவிடம் கொடுத்து வைக்கச் சொல்லிவிடுவாள். அன்றைக்கு என்ன நினைத்தாளோ, சட்டையை எடுத்துக்கொண்டு சாமிப் படத்துக்கு முன்னால் போனாள். கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்த மஞ்சளைத் தொட்டு, கழுத்துப் பட்டியின் உட்பக்கத்தில், நடுவில், ஒரு பொட்டு வைத்தாள். இந்தப் பிள்ளைகள் நல்லா இருக்கணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வாயால் சொல்ல முடியாததை விரலால் சொல்லிவிட்ட நிம்மதியோடு சட்டையைப் பழையபடி மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அடுப்பை ஊதினாள்.

லக்ஷிகா வந்து சட்டையை விரித்தாள். கைக்குக் கை பொருந்த நெடுக்காக இரண்டாக மடித்தாள். மடிக்கும்போது கழுத்துப் பக்கம் ஒரு கணம் அவள் கை நின்றது. ஏறிட்டுப் பார்த்தாள். விஜயலெட்சுமி அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் முகத்தில் என்னவோ ஒரு வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. அது ஜன்னல் வெளிச்சம் என்றுதான் இவள் நினைத்துக்கொண்டாள்.

மடிப்பு ஓரத்தில் பென்சிலால் அரை இதயம் வரைந்தாள். அந்தக் கோட்டின் மேலேயே துணியைச் சின்னச் சின்னதாகக் கொசுவிக்கொண்டு போக, வளைந்திருந்த கோடு நேர்க்கோடாகிவிட்டது. சேலைக் கொசுவம் வைக்கிற மாதிரிதான்.

"இந்தக் கோட்டு மேல நூலால இறுக்கிக் கட்டணும் அத்தை. லேசாக் கட்டினா சாயம் கசிஞ்சு இதயம் ஒரு பக்கம் வீங்கிரும். எனக்குக் கைக்கு பலம் பத்தாது."

"கொண்டா இங்க" என்று விஜயலெட்சுமி வாங்கினாள். பிள்ளைக் காம்பராவில் தொட்டில் கட்டுகிற கை. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி இழுத்தாள்.

"அத்தை கட்டினா சாயம் என்னா, காத்துகூட உள்ள போகாது" என்று லக்ஷிகா சிரித்தாள்.

"புள்ளைங்க ஒறங்குற தொட்டிலு. அவுந்துச்சின்னா நான் ஜெயிலுக்குத்தான் போகணும்" என்று இவளும் சிரித்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்புக் கேட்டு வெகு காலமாகியிருந்தது.

கட்டுக்கு வெளியே இருந்ததையெல்லாம் லக்ஷிகா பொலித்தீன் சொப்பிங் பையால் மூடிவிட்டு, இதயம் வருகிற நுனியில் மட்டும் நீலச் சாயத்தை ஊற்றினாள். இரவு முழுக்க ஊறட்டும், நாளைக்குப் பௌர்ணமிப் போயா லீவு, காலையில் வந்து சோடாத் தண்ணியில் போட்டுப் பிரிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது அவள் விரல்கள் எல்லாம் நீலமாக இருந்தன. விஜயலெட்சுமி வாசலில் நின்று அவள் ரோட்டில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள். கோழி ஒன்றைக்கூட மனசுக்குள் தெரிவு செய்துவிட்டாள்.

மறுநாள் காலையில் லக்ஷிகா வந்து, சோடா கரைத்த வாளியில் சட்டையைக் கட்டோடு அமிழ்த்தினாள். சாயம் பிடிப்பதற்கு அதுதான் வழி என்றாள். ஊறுகிற நேரத்தில் ரெங்கம்மா வந்து சேர்ந்தாள். நீல விரல்களோடு ஒரு பெண்பிள்ளை தம்பி வீட்டு வாசலில் குந்தியிருப்பது அவளுக்கு முதல்நாளே தெரிந்திருக்கும். அன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி, "யாரு விஜி இது, கடைக்காரப் புள்ளையா" என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

லக்ஷிகா கட்டை அறுத்து, கொசுவத்தைப் பிரித்து, சட்டையைத் தூக்கி உதறினாள்.

இதயம் அழகாக வந்திருந்தது. நீலம் ஒரு சொட்டுக்கூட வெளியே கசியவில்லை. ஆனால் கழுத்திலிருந்து, நடுவில், இதயத்தை நோக்கி இரத்தச் சிவப்பில் ஒரு கறை வழிந்திருந்தது.

விஜயலெட்சுமி பார்த்தது டீசேர்ட்டை இல்லை. சாக்கில் வந்த பெனியனைப் பார்த்தாள். அதே கழுத்து, அதே வெள்ளை, அதே சிவப்பு. மஞ்சள் வைத்த அதே இடம். தன் கை பட்டதால்தான் இது இரத்தமாகியிருக்கிறது என்று அவளுக்கு அந்த நிமிஷத்தில் சந்தேகமே இல்லாமல் தோன்றிவிட்டது. ரெங்கம்மா ஆலாத்தித் தட்டை வாங்கிக்கொண்டது சரிதான். மகனுக்கு வைத்த மஞ்சள் மகனுக்கே வினையாகிவிட்டது என்று நினைத்தாள்.

குழம்புக் கறை பட்ட துணியில் சவுக்காரம் போட்டால் கறை சிவக்கும் என்பது பீலிக்கரையில் நிற்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மஞ்சளில் சுண்ணாம்பு கரைத்தால்தான் ஆலாத்தித் தண்ணீரே சிவக்கிறது. இவளுக்கு இது தெரியாதா என்றால் தெரியும். நூறு துணி துவைத்திருக்கிறாள். ஆனால் பயந்துபோன மனுஷிக்குத் தன் பெயர்கூட ஞாபகம் வராது.

"என்னடி இது, ரத்தமாட்டம் இருக்கு" என்றாள் ரெங்கம்மா.

லக்ஷிகா கறையைப் பார்த்தாள். பிறகு விஜயலெட்சுமியைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. லேசாகச் சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம். "அத்தை, நீங்க சட்டையில ஏதாச்சும் வச்சீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா புள்ள, மஞ்சள் வச்சேன்." அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. ரெங்கம்மாவின் கண் தன் மேல் இருப்பது விஜயலெட்சுமிக்குத் தெரிந்தது. தாலியறுத்தவள் மகனின் புதுச்சட்டைக்கு மஞ்சள் வைத்தாள் என்று அந்த வாய் எத்தனை லயத்துக்குக் கொண்டுபோகும் என்பதும் தெரிந்தது.

"நான் என்னத்த வைக்கப் போறேன்" என்றாள். அதோடு நின்றிருக்கலாம். பயம் அவளை நிற்கவிடவில்லை. "நீ எந்தத் தண்ணியில முக்குனியோ, எதைக் கலந்தியோ. எம்மகன் போடுற சட்டையில இப்படியா வரணும்."

லக்ஷிகாவின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. ரெங்கம்மா விடவில்லை. "வேற சாமி கும்புடுற கை. நம்ம வீட்டுக்கு ஒத்துக்கல. வேற என்னா" என்றாள். விஜயலெட்சுமி அதற்கும் வாயைத் திறக்கவில்லை.

லக்ஷிகா சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"வாறேன் அத்தை."

தெரிவு செய்து வைத்திருந்த கோழி வாசலில் மேய்ந்துகொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வாரத்திலேயே விஜயலெட்சுமிக்கு விஷயம் விளங்கிவிட்டது. பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தை பருப்புச் சோற்றைச் சட்டை முழுக்க இழுவியிருந்தது. கழற்றி, பீலியில் நனைத்து, சவுக்காரத்தைத் தேய்த்தாள். மஞ்சள் கறை அவள் கைக்குள்ளேயே சிவந்தது. தேய்த்த கை அப்படியே நின்றது. இரத்தமும் இல்லை, வினையும் இல்லை, கைராசியும் இல்லை. வெறும் சோடா. சிரிப்பு வந்தது. அடுத்த நொடி, அந்தப் பிள்ளையின் முகம் ஞாபகம் வந்து, பீலிக்கரைக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையை எடுத்து, கறையில் புளிப்புத் தேசிக்காய் ஒன்றைப் பிழிந்தாள். சிவப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளானது. வெயிலில் போட்டாள். மஞ்சளும் வெளுத்துப் போனது. சட்டை சுத்தமாகிவிட்டது. இனி ஒரு வார்த்தைதான் பாக்கி.

அந்த வார்த்தையை அவள் எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பாள் என்று தொட்டிலில் கிடந்த பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும். "நான்தான் வச்சேன் புள்ள, பயத்துல பொய் சொல்லிட்டேன்" என்று ஆட்டிக்கொண்டே சொல்லுவாள். பிள்ளைகள் பேசாமல் கேட்டுக்கொண்டு தூங்கிப்போகும். ஒருநாள் இதற்கென்றே பஸ் ஏறிப் பதுளைக்குப் போனாள். நஸீர் நானாவின் கடைக்குள்ளும் போய்விட்டாள். லக்ஷிகா ஒரு வாடிக்கையாளருக்கு லேஸ் அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள். நகத்தோரத்தில் இன்னும் கொஞ்சம் நீலம் இருந்தது. இவளைக் கண்டதும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "வாங்க அத்தை" என்று நேராகப் பார்த்தாள். காத்துக்கொண்டிருக்கிற பார்வை.

"ஊக்கு ஒரு அட்டை தா புள்ள" என்றாள் விஜயலெட்சுமி. ஊக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

தீபாவளிக்கு மகன் வந்தான். "அம்மா, அவ சரியாப் பேச மாட்டேங்கிறா. உங்க அம்மாவுக்கு என்னையப் புடிக்கலைன்னு மட்டும் சொல்றா. என்னா நடந்திச்சி?" என்று கேட்டான். தாய் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். எண்ணெய் காய்ந்துவிட்டது, தீயைக் குறைக்க வேண்டும் என்றாள். அவன் மறுபடியும் கேட்டான். "எனக்கு என்னா தெரியும். புள்ளைக்கு ஏதாச்சும் மனஸ்தாபம் இருக்கும்" என்றாள். முதல் பொய்யைப் பயத்தில் சொன்னாள், அதை மன்னிக்கலாம். இந்தப் பொய்யை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிதானமாக உட்கார்ந்து சொன்னாள். முதலில் பொய் சொன்னதை மகனிடம் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்குமே என்பதற்காக இரண்டாவது பொய். பெற்ற மகனுக்கு முன்னால் கொஞ்சம் வெட்கப்படுவதற்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது அவளுக்கு.

சாமான் விலை ஏறி, கேஸுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற அந்த வருஷத்தில் கொழும்புக் கடை ஆளைக் குறைத்தது. புவனேந்திரன் கட்டாருக்குப் போனான். அதற்கு முன்னாலேயே லக்ஷிகாவுக்கு மொனராகலைப் பக்கம் றுஷாந்தன் என்று ஒருவனோடு கல்யாணமாகிவிட்டது. மதுஷாவையாவது கட்டுவான் என்று ரெங்கம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கட்டவில்லை. மதுஷா ஆசிரியப் பயிற்சிக்குப் போய் அங்கேயே ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆக, யார் முகத்துக்குப் பயந்து விஜயலெட்சுமி வாயை மூடினாளோ, அந்த முகத்துக்கும் ஒரு லாபமும் இல்லை.

மகன் வெள்ளிக்கிழமைகளில் பேசுவான். "சாப்பிட்டியா, அங்க மழையா" என்பான். இவள் பிள்ளைக் காம்பராக் கதையெல்லாம் சொல்லுவாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "பாப்பம்மா" என்று வைத்துவிடுவான். சட்டை தகரப் பெட்டியில் இருந்தது. எப்போதாவது எடுத்து வெயிலில் காயப்போடுவாள். ஒருமுறைகூட உடுத்தாத சட்டையை எதற்குக் காயப்போடுகிறாய் என்று ரெங்கம்மா கேட்டதற்கு, பூஞ்சணம் பிடித்துவிடும் என்றாள்.

போன மாதம் கால் வீக்கத்துக்கு மருந்தெடுக்கப் பதுளைக்குப் போனாள். திரும்பி வரும்போது பஸ் நிலையத்தில், மொனராகலை பஸ் நிற்கிற இடத்தில், லக்ஷிகா நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கையில் ஒரு பெண்குழந்தை. தாய் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிறாளாம்.

"அத்தை, நல்லா இருக்கீங்களா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். இன்னும் அத்தை. அந்தச் சொல்லைக் கேட்டதும் இத்தனை வருஷம் தொண்டையில் குந்தியிருந்தது எழுந்து வந்துவிட்டது. பஸ் சத்தத்துக்கும் கடலைக்காரன் கூவலுக்கும் நடுவில், நல்லா இருக்கேன் என்றுகூடச் சொல்லாமல் விஜயலெட்சுமி சொன்னாள்:

"அந்தச் சட்டையில நான்தான் மஞ்சள் வச்சேன் புள்ள. அதுதான் சோடாவுல சிவந்திச்சி. நான் வைக்கலைன்னு பொய் சொல்லிட்டேன்."

லக்ஷிகா குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள்.

"தெரியும் அத்தை."

"தெரியுமா?"

"மடிக்கிறப்பவே பாத்தேன். கழுத்துல மஞ்சள் இருந்திச்சி. எங்க வீட்டுப் பக்கத்து அக்காமாரு புதுத்துணிக்கு வைக்கிறதப் பாத்திருக்கேன். எனக்குச் சொல்லாம வச்சிருக்கீங்களே, நம்மள ஏத்துக்கிட்டாங்கன்னு நெனைச்சேன். அன்னைக்கி வீட்டுக்குப் போற வரைக்கும் சிரிச்சிக்கிட்டே போனேன்."

விஜயலெட்சுமி பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மறுநாளு சிவந்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்திச்சி. சோடாப் பட்டா சிவக்கும்னு தெரியாதா. நீங்க ஆமான்னு சொல்லுவீங்க, சொல்லிட்டுச் சிரிப்பம்னு பாத்தேன். நீங்க வைக்கலைன்னீங்க. வச்ச மஞ்சள திருப்பி எடுத்துக்கிட்டீங்கன்னுதான் எனக்கு விளங்கிச்சி. கடைக்கு வந்தப்பவும் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"அவன்கிட்ட ஏன் புள்ள சொல்லல?"

"அவங்க அம்மா பொய் சொல்றாங்கன்னு நான் எப்பிடிச் சொல்றது அத்தை. அது நீங்க சொல்ல வேண்டியது."

கொண்டக்டர் பஸ்ஸைத் தட்டினான். லக்ஷிகா ஏறினாள். கோபமாக ஏறவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, குழந்தையின் கையைப் பிடித்து இவளுக்கு ஆட்டிக் காட்டினாள். கோபப்பட்டிருந்தால் விஜயலெட்சுமிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மகன் போன் எடுத்தான். சாப்பிட்டியா என்றான். அங்க மழையா என்றான். மழையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. புதுச்சட்டைக்கு மஞ்சள் வைத்ததிலிருந்து பஸ் நிலையத்தில் லக்ஷிகா சொன்னது வரை எல்லாவற்றையும், ஒன்றையும் மறைக்காமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவ்வளவு நீளமாக அவளிடம் இருந்து உண்மை மட்டும் வந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

போன் அறுந்துவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறவில்லை.

"சட்டை இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு தம்பி. பொட்டியில வச்சிருக்கேன்."

"கறை?"

"அது அப்பவே போயிருச்சி. தேசிக்காய் புழிஞ்சி வெயில்ல போட்டேன். போயிருச்சி."

"ஒரு பொட்டு மஞ்சள். அவ்வளவுதானாம்மா?" என்றான்.

அவள் தகரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதான் தம்பி" என்றாள்.